வெனிஸில் குடும்பப் படம்: இடத்தை விடுங்கள், முதலில் நேரத்தைப் பிடியுங்கள்

கோத்தகிரியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய மகள் இத்தாலியில் பதுவா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பை முடிக்கிறார். பட்டமளிப்பு ஜூலையிலோ அக்டோபரிலோ இருக்கும். தேதி இன்னும் உறுதியாகவில்லை. கணவர், எழுபதைத் தாண்டிய மாமியார், மகள், தாம் என்று நான்கு பேரும் பதுவாவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரத் தொலைவில் உள்ள வெனிஸுக்குப் போய், உள்ளூர்ப் புகைப்படக்காரர் ஒருவரை ஒரு மணி நேரத்துக்கு அமர்த்திப் படம் எடுத்துக்கொள்ள விரும்புகிறார்கள். எப்படிப் பதிவு செய்வது, எவ்வளவு கேட்பார்கள், ஊட்டி தாவரவியல் பூங்காவில் கேமராவுக்குச் சீட்டு வாங்குவதுபோல அங்கும் அனுமதி வாங்க வேண்டுமா, கோண்டோலா என்னும் துடுப்புப் படகில் ஏறித்தான் ஆக வேண்டுமா, முழங்கால் வலியுள்ள மாமியாரை என்ன செய்வது என்பவை அவருடைய கேள்விகள். குன்னூரில் ஸ்டுடியோ வைத்து, மலைக்கு வரும் வெளியூர்க் குடும்பங்களை வெளிப்புறத்தில் படம் எடுப்பது என் தொழில். அதற்கு முன் வெனிஸில் ஒரு புகைப்படக்காரரிடம் சில காலம் உதவியாளராக இருந்தேன். ஆகவே படம் எடுப்பவரின் கணக்கும் எடுத்துக்கொள்பவரின் தயக்கமும் எனக்கு ஓரளவு தெரியும்.

எந்த இடம் அழகாக இருக்கும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளையும் நானூற்றுக்கும் மேற்பட்ட பாலங்களையும் கொண்ட அந்த நகரத்தில் படத்துக்கு உதவாத மூலையைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது நேரம். எங்கே தங்குவது, யாரை அமர்த்துவது, என்ன உடுத்துவது என்பவையெல்லாம் அதைப் பொறுத்தே அமையும். காலை பத்து மணிக்குச் சான் மார்கோ சதுக்கத்தில் குடும்பப் படம் எடுக்க முயல்வது, மே மாத மலர்க் கண்காட்சி நாளில் ஊட்டிப் பூங்காவின் கண்ணாடி மாளிகை வாசலில் நின்று படம் எடுப்பதற்குச் சமம்: எவ்வளவு கெட்டிக்காரப் புகைப்படக்காரராக இருந்தாலும் படத்தில் உங்களைவிட ஊரார் அதிகமாக இருப்பார்கள். அதே சதுக்கம் விடியற்காலையில் துப்புரவுப் பணியாளர்களுக்கும் ஒன்றிரண்டு புகைப்படக்காரர்களுக்கும் மட்டுமே சொந்தமாக இருக்கும். ஆகவே விடியலுக்குப் பதிவு செய்யுங்கள். பகல் வேளையைத் தள்ளுபடி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஆனால் நம் ஊர் விடியலை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடக் கூடாது. நீலகிரியில் ஆண்டு முழுவதும் சூரியன் ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவிலேயே எழுந்துவிடுகிறது. வெனிஸ் நிலநடுக்கோட்டிலிருந்து வெகு வடக்கே, 45 பாகைக்குச் சற்று மேலே இருப்பதால் அங்கே பருவத்துக்குப் பருவம் மணிக்கணக்கில் வித்தியாசம் உண்டு. ஜூலை நடுவில் சூரியோதயம் காலை 5.35 அளவில், அஸ்தமனம் இரவு ஒன்பது மணியை நெருங்கும். அக்டோபர் மூன்றாவது வாரத்தில் சூரியோதயம் ஏறத்தாழ 7.35, அஸ்தமனம் மாலை 6.15. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள் என்பதால், அந்த வாரத்தில் பதிவு செய்பவர்கள் எந்த மணி என்பதைப் புகைப்படக்காரரிடம் எழுத்திலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். நல்ல வெளிச்சம் சூரியன் எழுவதற்கு இருபது நிமிடம் முன்பே தொடங்கிவிடும் என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால், ஜூலையில் நீங்கள் ஐந்தேகால் மணிக்கு உடுத்தி முடித்துச் சதுக்கத்தில் நிற்க வேண்டும். அக்டோபரில் ஏழேகால் போதும். மாமியாரை உத்தேசித்துச் சொல்வதானால், தேதியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களுக்கு இருந்தால் அக்டோபர்.

இதிலிருந்து தங்குமிடம் தானாகவே முடிவாகிவிடுகிறது. பதுவாவில் தங்கிக்கொண்டு ஜூலையில் விடியற்காலைப் படத்துக்கு வருவது நடக்காது. செலவைக் குறைக்க எல்லோரும் பரிந்துரைக்கும் மெஸ்த்ரே, வெனிஸ் மாநகராட்சியைச் சேர்ந்ததுதான் என்றாலும், தீவு நகரத்தை நிலத்தோடு இணைக்கும் நீண்ட பாலத்துக்கு அப்பால் நிலப்பரப்பில் இருக்கிறது. அங்கிருந்து ரயிலிலோ டிராமிலோ பேருந்திலோ வந்து இறங்கிய பிறகும், வாகனம் நுழைய முடியாத நகரத்தில் வாப்பரெட்டோ என்னும் பொதுப் படகில் சான் மார்கோவை அடைய முக்கால் மணி நேரம் பிடிக்கும். படம் எடுக்கும் நாளுக்கு முந்தைய ஓர் இரவு மட்டுமாவது சான் மார்கோ அல்லது காஸ்தெல்லோ பகுதியில், நடந்துபோகும் தொலைவில் அறை எடுங்கள். அறைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் படத்தில் தெரியும். கேமராவுக்குக் கூடுதலாகக் கொடுப்பது அப்படித் தெரிவதில்லை.

தங்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. நம் மலைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னதாக, ஏப்ரல் 25 அன்று, பகலில் வந்து திரும்பும் பயணிகளுக்கு வெனிஸ் நுழைவுக் கட்டணத்தைத் தொடங்கியது. 2025இல் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை இறுதி வரை பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறுகளில், காலை 8.30 முதல் மாலை 4 வரை இந்தக் கட்டணம் இருந்தது. முன்கூட்டிப் பதிவு செய்தவர்களுக்கு 5 யூரோ, கடைசி மூன்று நாட்களுக்குள் பதிவு செய்தவர்களுக்கு 10 யூரோ. மாநகராட்சி எல்லைக்குள் இரவு தங்குபவர்கள் இதைக் கட்ட வேண்டியதில்லை, மெஸ்த்ரேயில் தங்கினாலும் சரி. ஆனால் விலக்குக்காக இணையத்தில் பதிவு செய்து கியூஆர் குறியீட்டை வைத்திருக்க வேண்டும். மகள், வெனிஸும் பதுவாவும் அடங்கிய வெனெத்தோ மாநிலத்தில் முறைப்படி குடியிருப்பைப் பதிவு செய்திருந்தால் அவருக்கும் விலக்கு உண்டு. பதுவா விடுதியிலிருந்து வரும் உங்கள் மூவருக்கும் அந்த விலக்கு கிடையாது. கட்டண நாட்கள் ஆண்டுதோறும் மாறும் என்பதால் தேதி உறுதியானதும் மாநகராட்சியின் தளத்தில் ஒருமுறை பாருங்கள்.

மாமியாரின் முழங்காலுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் பாதையை அதுதான் தீர்மானிக்கப்போகிறது. வெனிஸ் பாலங்கள் சாலைப் பாலங்கள் அல்ல. படகு அடியில் போக வேண்டும் என்பதால் நடுவில் உயர்ந்து, இருபுறமும் படிக்கட்டாக இறங்குபவை. 1591இல் கட்டி முடித்த ரியால்தோ பாலம் நல்ல ஏற்றம். மரத்தாலான அக்காதெமியா பாலம் அதைவிடக் கடினம். புகைப்படக்காரர்கள் வழக்கமாக ஒரு மணி நேரத்தில் சான் மார்கோவில் தொடங்கி ரியால்தோவில் முடிக்கும் பாதையைச் சொல்வார்கள். உங்கள் குடும்பத்துக்கு அது வேண்டாம். வாப்பரெட்டோவில் சான் மார்கோ வல்லாரெஸ்ஸோ நிறுத்தத்தில் இறங்கி, எதிரே உள்ள சந்தில் நேராக நடந்து வலப்புறம் திரும்பினால் ஒரு பாலம்கூட ஏறாமல் சதுக்கத்துக்குள் வந்துவிடலாம். அடுத்த நிறுத்தமான சான் ஸக்கரியாவில் இறங்கினால், தூரம் ஏறக்குறைய அதேதான், ஆனால் நடுவில் பாலங்கள் குறுக்கிடும். சதுக்கம், அதையொட்டிய பியாத்ஸெத்தா என்னும் சிறு சதுக்கம், நீர்க்கரை மூன்றும் ஒரே தளம். அந்த எல்லைக்குள்ளேயே நாற்பது நிமிடம் படம் எடுக்க இடம் உண்டு. பிறகு மாமியாரும் உங்கள் கணவரும் ஓரிடத்தில் அமர்ந்திருக்க, மகளையும் உங்களையும் மட்டும் புகைப்படக்காரர் பாலங்களுக்கு அழைத்துப் போகட்டும். சதுக்கத்தில் பெஞ்சு கிடையாது என்பதால் ஒரு மடக்கு நாற்காலி கொண்டுபோனால் நல்லது; நாற்காலியில் அமர்ந்த பெரியவரைச் சுற்றி மற்றவர்கள் நிற்கும் பழைய ஸ்டுடியோ முறைக் குடும்பப் படம் சதுக்கத்தைச் சுற்றியுள்ள தூண் வரிசைக்கு முன்னால் மிக நன்றாக வரும்.

வெளிச்சத்தின் திசையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். புகைப்படக்காரரிடம் பேசும்போது உதவும். சான் மார்கோ தேவாலயத்தின் முகப்பு மேற்கு நோக்கியது. காலையில் அது நிழலில் இருக்கும், மாலையில்தான் பொன்னிறமாகும். வெனிஸின் பழைய ஆட்சித் தலைவர்கள் இருந்த தோஜ் அரண்மனையின் பியாத்ஸெத்தா பக்கமும் அப்படியே. எதிரே உள்ள பழைய நூலகக் கட்டடம் கிழக்கு நோக்கியதால் காலை வெயில் அதன்மீது விழுந்து, நிழலில் நிற்பவர்களின் முகத்துக்கு மென்மையான எதிரொளியாகத் திரும்பும். வயதானவர்களைப் படம் எடுக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை விளக்கு வைத்தும் உண்டாக்க முடியாது. நீர்க்கரையில் கட்டியிருக்கும் கோண்டோலாக்களும் அதற்குப் பின்னால் சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே தேவாலயமும் சேர்ந்த காட்சியை நீங்கள் எத்தனையோ நாட்காட்டிகளில் பார்த்திருப்பீர்கள். அதற்கு விடியலே நேரம். அக்காதெமியா பாலத்திலிருந்து பார்த்தால் சாந்தா மரியா தெல்லா சலூத்தே தேவாலயத்தின் குவிமாடம் கிழக்கே தெரியும். அக்டோபர் நடுவில் சூரியன் ஏறக்குறைய அந்தத் திசையிலேயே எழுவதால் காலையில் நிழலுருவப் படம்தான் கிடைக்கும். முகம் தெளிவாக வேண்டுமென்றால் அந்த இடத்தை மாலைக்கு வைக்க வேண்டும். இரண்டு வேளையும் ஒரே மணி நேரத்தில் கிடைக்காது என்பதால் ஒன்றை விட்டுவிடுங்கள். இடையில் ஒரு செய்தி: பியாத்ஸெத்தாவில் நீரை நோக்கி நிற்கும் இரண்டு பெரிய தூண்களுக்கு நடுவில் பழைய காலத்தில் மரண தண்டனை நிறைவேற்றினார்கள். வெனிஸ்காரர்கள் பலர் இன்றும் அவற்றுக்கு நடுவே நடக்க மாட்டார்கள். உங்கள் புகைப்படக்காரர் அந்த இடத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போனால் காரணம் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம்.

அக்டோபரில் இரண்டு விஷயங்களுக்குத் தயாராக இருக்க வேண்டும்: மூடுபனி, கடல்நீர் ஏற்றம். மூடுபனி நமக்குப் புதிதல்ல. குன்னூரில் படம் எடுக்கும் எவரும் பனி வந்தால் கேமராவை மூடுவதில்லை, தூரக் காட்சியை விட்டுவிட்டு அருகில் உள்ளதை எடுப்பார்கள். அங்கும் அதே கதைதான், மங்கிய நீரில் கோண்டோலாவின் கருப்பு உருவம் மட்டும் நிற்கும் படங்கள் அப்படிக் கிடைத்தவையே. நீர் ஏற்றத்தை அக்வா ஆல்தா என்கிறார்கள். 2019 நவம்பர் 12 அன்று அளவுகோலில் 187 சென்டிமீட்டர் வரை ஏறி நகரத்தை மூழ்கடித்தது. 1966 நவம்பர் 4 அன்று 194. இப்போது கடல்வாயில்களில் மோசே என்னும் தடுப்புக் கதவுகள் இருக்கின்றன, 2020 அக்டோபர் 3 அன்று முதன்முறையாக வெள்ளத்தைத் தடுக்க உயர்த்தப்பட்டன. ஆனால் பொதுவாக நீர்மட்டம் 110 சென்டிமீட்டர் அளவைத் தொடும் என்று கணிக்கும்போதுதான் அவற்றை உயர்த்துகிறார்கள். சான் மார்கோ சதுக்கம் நகரத்தின் மிகத் தாழ்வான பகுதி என்பதால் அதற்குக் குறைவான ஏற்றத்திலேயே அங்கே நீர் தேங்கிவிடும். கணுக்காலளவு நீரில் முழுத் தேவாலயமும் பிரதிபலிக்கும் அந்தக் காட்சிக்காகவே சிலர் காத்திருந்து வருவார்கள். அது கடல்நீர் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பட்டுச் சேலையின் கரை அதில் ஒருமுறை நனைந்தால் போனதுதான். நீர்மட்டக் கணிப்பை மாநகராட்சி சில நாட்களுக்கு முன்பிருந்தே வெளியிடும், புகைப்படக்காரர்களும் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

இனி ஆளைத் தேடுவது. இரண்டு வழிகள் உண்டு. ஃப்ளைட்டோகிராபர் போன்ற, ஊர் ஊராகப் புகைப்படக்காரர்களை இணைத்துத் தரும் தளங்களும், ஏர்பிஎன்பி, கெட்யுவர்கைட், வயேட்டர் போன்ற பயணத் தளங்களும் ஒரு வழி. நேரடியாக ஒரு புகைப்படக்காரரை அவருடைய சொந்தத் தளத்தின் மூலமோ இன்ஸ்டாகிராம் மூலமோ அணுகுவது மற்றொன்று. தளங்களில் பணம் ஓரளவு பத்திரம், ரத்து விதிகள் எழுத்தில் இருக்கும். ஆனால் வரப்போவது யார் என்று சிலவற்றில் கடைசி வரை தெரியாது, அங்கே காட்டும் படங்களை எடுத்தவரே வருவார் என்பதற்கும் உறுதி இல்லை. நேரடியாகப் பதிவு செய்தால் பாதையையும் நேரத்தையும் உங்கள் வசதிக்கு வளைக்கலாம். முழங்கால் வலியுள்ள பெரியவரோடு போகும் உங்களுக்கு நான் நேரடி வழியையே சொல்வேன். ஏமாறாமல் இருக்க ஒரே சோதனை போதும். ஒருவர் பல ஆண்டுகளில் எடுத்த சிறந்த முப்பது படங்களைப் பார்க்காதீர்கள், அவை யாரிடமும் நன்றாகத்தான் இருக்கும். ஏதாவது ஒரு குடும்பத்துக்கு ஒரு மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்த முழு ஆல்பத்தைக் காட்டச் சொல்லுங்கள். அடுத்தவர் படங்களை ஒட்டிக் கடை விரித்திருப்பவரால் அதைக் காட்ட முடியாது. காட்டுபவரின் முப்பத்தைந்தாவது படம் எப்படி இருக்கிறது என்பதில் அவருடைய தரம் தெரிந்துவிடும்.

அந்த ஆல்பத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். இப்போது பலர் ஒரே வண்ணச் சாயத்தை எல்லாப் படங்களுக்கும் போட்டுவிடுகிறார்கள். அது வெளிர் தோலுக்காகச் செய்யப்பட்டது. நம் முகத்தில் போட்டால் ஒன்று ஆரஞ்சாகும், இல்லையென்றால் சாம்பல் பூத்ததுபோல் வெளுக்கும். போதாததற்கு வெனிஸ் சந்துகளின் செங்கல் சுவர்களும் காவிச் சுவர்களும் முகத்தில் செந்நிறத்தை அடிக்கும். தெற்காசியக் குடும்பத்தையோ ஆப்பிரிக்கக் குடும்பத்தையோ எடுத்த ஆல்பம் இருக்கிறதா என்று கேளுங்கள். எங்கள் நிறத்தை வெளுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை, என்னிடமே சிலர் அதற்கு நேர்மாறாகக் கேட்கிறார்கள் என்பது வேறு கதை.

கட்டணம் ஒரு மணி நேரத்துக்குப் பொதுவாக 200 யூரோவிலிருந்து 400 யூரோ வரை இருக்கும். பெயர் பெற்றவர்கள் அதற்கு மேலும் கேட்பார்கள். இத்தாலியில் மதிப்புக் கூட்டு வரி 22 சதவீதம் என்பதால் சொல்லும் தொகை வரி சேர்த்ததா என்று கேட்டுவிடுங்கள். ரசீது கொடுக்க மாட்டேன், ரொக்கம் மட்டும்தான் என்பவரை விட்டுவிடலாம். முன்பணத்தை நம் ஊர் அட்டையில் கட்டுவதானால் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவைக்க வேண்டும். 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய அட்டைகளில் அது மூடித்தான் வரும். அந்நியச் செலாவணிக் கூடுதலாக வங்கி எடுக்கும் சில சதவீதத்தையும் கணக்கில் சேருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக விசா கையில் வருவதற்கு முன் திருப்பித் தராத முன்பணம் எதையும் கட்டாதீர்கள். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், ஆகவே தேதி தெரிந்தவுடன் அதை முடித்துவிட்டுப் பிறகு முன்பணம் கட்டும் வரிசையே சரி. விசா கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்று எழுதித் தருபவர்களும் இருக்கிறார்கள், கேட்டால்தான் தருவார்கள்.

எழுத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதில்தான் நம்மவர்கள் அசட்டையாக இருக்கிறார்கள். வரப்போகிறவரின் பெயர், சந்திக்கும் இடம், மணி, எத்தனை பேர், திருத்திய படங்கள் எத்தனை, எத்தனை நாளில், முழு அளவிலா இணைய அளவிலா, இவை அடிப்படை. வெனிஸில் வீட்டு எண்கள் தெரு வாரியாக இல்லாமல் ஆறு பகுதிகளுக்கும் தனித்தனித் தொடர் எண்களாக ஓடுவதால், முகவரியை வைத்துச் சந்திக்கத் திட்டமிடாதீர்கள். ஏதாவது ஒரு தூண், ஒரு வாசல் என்று வையுங்கள். நல்ல மழை பெய்தால், நீர் ஏறினால், பொதுப் படகு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தால் வேறு நேரம் கிடைக்குமா, பணம் திரும்புமா என்பது அடுத்தது. போக்குவரத்து வேலைநிறுத்தம் இத்தாலியில் அரிதல்ல, ஆனால் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். படங்களின் உரிமை பற்றியும் ஒரு வரி வேண்டும். நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதே நினைப்போடு அங்கே போகாதீர்கள். இத்தாலியின் 1941ஆம் ஆண்டு 633ஆம் எண் சட்டம், பணம் கொடுத்து எடுத்த உருவப்படத்தை அதில் இருப்பவர் வெளியிடவும் பிரதி எடுக்கவும் இடம் தருகிறது. வணிகத்துக்குப் பயன்படுத்தினால் புகைப்படக்காரருக்கு நியாயமான தொகை தர வேண்டும். மறுபக்கம், உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் உருவப்படத்தை அவர் காட்சிக்கு வைக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. பெரும்பாலான ஒப்பந்தப் படிவங்களில் விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதம் என்று ஒரு கட்டம் சிறிய எழுத்தில் இருக்கும். மாமியாரின் படம் யாரோ ஒருவருடைய விளம்பரத்தில் வர வேண்டாம் என்றால் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடுங்கள்.

உடை விஷயத்தில், மாமியார் படுகர் பெண்கள் உடுத்தும் வெள்ளை முண்டும் தலைத்துணியும்தான் உடுத்துவார், வேறு எதையும் ஏற்க மாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வதே சரி. ஆனால் அதைப் புகைப்படக்காரருக்கு ஒரு படத்தோடு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். வெயில் நேராக விழுந்தால் வெள்ளைத் துணியின் மடிப்பெல்லாம் மறைந்து வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். பனியில் பின்னணியோடு கரைந்துவிடும். நிழலில், அடர்ந்த நிறச் சுவருக்கோ தூண் வரிசைக்கோ முன்னால் நிறுத்தினால் அந்த வெள்ளைதான் படத்தையே தாங்கும். அவர் அருகில் நிற்கும் மற்ற மூவரும் கடும் நிறங்களை உடுத்துங்கள், நான்கு பேரும் வெளிர் நிறத்தில் வேண்டாம். மகள் பட்டமளிப்பன்று தலையில் சூடும் லாரல் இலை வளையத்தைத் தூக்கி எறிந்துவிடாமல் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவரட்டும். இத்தாலியில் பட்டம் பெற்றவர்களின் அடையாளம் அது, வெனிஸ் தெருவில் பார்ப்பவர்கள் நின்று வாழ்த்துவார்கள். கால்களுக்குத் தட்டையான, பிடிமானமுள்ள செருப்பு. கால்வாயில் இறங்கும் கல்படிகளில் கடைசி சில படிகள் பாசி பிடித்து வழுக்கும். புகைப்படக்காரரே சொன்னாலும் ஈரப் படியில் கால் வைக்க வேண்டாம். இன்னொன்றும் எழுதிவிடுங்கள்: அங்கே தம்பதியரைப் பார்த்ததும் முத்தமிடச் சொல்வது அவர்களுடைய வழக்கம். மாமியார் முன்னிலையில் அந்தச் சங்கடம் வேண்டாமென்றால் முதல் கடிதத்திலேயே ஒரு வரி போதும், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கோண்டோலாவுக்குக் கட்டணம் ஆளுக்கு அல்ல, படகுக்கு. 2023 நவம்பர் முதல் நகரம் நிர்ணயித்த தொகை பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, இரவு ஏழு மணிக்குமேல் 110. ஒரு படகில் ஐந்து பேர் வரை ஏறலாம் என்பதால் நீங்கள் நால்வரும் புகைப்படக்காரரும் சரியாக அடங்குவீர்கள். ஆனால் படகுக்குள்ளிருந்து எடுக்கும் படத்தில் எல்லோர் முகமும் நெருக்கமாக, அகல லென்ஸில் ஓரத்தில் இருப்பவர் இழுபட்டுத் தெரிவார். புகைப்படக்காரர் பாலத்தின்மீது நின்று, படகு கீழே வரும்போது எடுக்கும் படமே அழகு. அதற்கு அவர் படகோட்டியிடம் வழியை முன்பே பேசிவைக்க வேண்டும். விடியலில் கோண்டோலாக்கள் ஓடாமல் கட்டியே கிடக்கும் என்பதால் இது இன்னொரு வேளைக்கான செலவு. என் யோசனை: மாமியாருக்கு ஆசை இருந்தால் ஏறுங்கள், படத்துக்காக ஏற வேண்டாம். பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்கும் த்ரகேத்தோ என்னும் கடத்துப் படகும் கோண்டோலா வகைதான், ஆளுக்கு 2 யூரோ. ஏறி இறங்க மூன்று நான்கு நிமிடம், மகளுக்கு அது போதும்.

அனுமதி பற்றிய உங்கள் பயம் தேவையற்றது. கையில் கேமராவோடு ஒருவர் ஒரு குடும்பத்தைத் தெருவில் படம் எடுக்கச் சீட்டு எதுவும் கிடையாது. விளக்குக் கால்களை நிறுத்தி, இடத்தை மறித்து வேலை செய்வதானால்தான் மாநகராட்சியிடம் அனுமதி வேண்டும். அரண்மனை, அருங்காட்சியகங்களுக்குள் தொழில்முறைப் படத்துக்குத் தனி அனுமதி. டிரோன் பற்றி யோசிக்கவே வேண்டாம், நகரத்தின்மேல் பறக்கத் தடை இருக்கிறது, டிரோன் காட்சி தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். சான் மார்கோவில் புறாக்களுக்குத் தீனி போடுவது 2008 முதல் தடை. யாராவது கையில் தானியத்தைத் திணித்துப் படம் எடுக்கச் சொன்னால் கையை மூடிக்கொள்ளுங்கள். நினைவுச் சின்னப் படிகளிலும் பாலப் படிகளிலும் உட்கார்ந்து சாப்பிடுவதற்கும் அபராதம் உண்டு. 25 யூரோவிலிருந்து 500 வரை போகும். புரானோ தீவின் வண்ண வீடுகளையும் கேட்டிருந்தீர்கள். ஃபொந்தாமெந்தே நோவே துறையிலிருந்து 12ஆம் எண் படகில் முக்கால் மணி நேரம். அரை நாள் கூடுதலாக இருந்தால் புகைப்படக்காரர் இல்லாமலே போய் மகளின் கைபேசியில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வண்ணங்களுக்கு யாருடைய கைத்திறனும் தேவைப்படாது. வீட்டு வாசல்களில் மட்டும் உட்காராதீர்கள், உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

பட்டமளிப்புத் தேதி வந்த அன்றே மூன்று புகைப்படக்காரர்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்புங்கள்: தேதி, நான்கு பேர், அவர்களில் ஒருவர் படி ஏற முடியாதவர், விடியல் வேளை, வல்லாரெஸ்ஸோ நிறுத்தத்திலிருந்து சதுக்கம் வரை மட்டும், ஒரு முழுக் குடும்ப ஆல்பத்தைக் காட்ட முடியுமா, வரி சேர்த்து மொத்தம் எவ்வளவு. மூவரில் படி ஏற முடியாதவரைப் பற்றி ஏதாவது திருப்பிக் கேட்பவர் யாரோ, அவருக்கே முன்பணத்தை அனுப்புங்கள்.